எந்த வைக்கோல் பேலர் வாங்குவது?
(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஆள் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். தாய்மாமா வத்திராயிருப்புப் பக்கம் நான்கு ஏக்கர் நெல் பயிரிடுகிறார். சொந்தமாக ஒரு பழைய 35 ஹெச்.பி. டிராக்டர் வைத்து அக்கம்பக்கத்துக்கும் உழவு ஓட்டுகிறார்.

போன அறுவடை முடிந்த கையோடு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "மருமகனே, நீ மெஷின் படிப்புத்தானே படிக்கே? வைக்கல் சுத்துற மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கலாம்னு சொல்லு" என்றார். அம்மாவிடம் ஒரு நாலு பவுன் சங்கிலி உண்டு. அதை அடகு வைக்கத் தரச் சொல்லிக் கேட்கத்தான் அவர் வந்தார் என்பது பிறகு தெரிந்தது. அம்மா வருஷக்கணக்கில் மருந்து வாடையில் உட்கார்ந்து சேர்த்த சங்கிலி அது. "அவன் சரின்னு சொன்னா தர்றேன்ணே" என்று அம்மா என்னைக் கை காட்டிவிட்டார். பரீட்சையில்கூட எனக்கு அப்படி வேர்த்தது இல்லை!

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

வைக்கோலுக்கு வந்த மவுசு

முன்பெல்லாம் கதிரைக் கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் படப்பாகப் போட்டு வைப்பார்கள். இப்போது பெல்ட் வண்டி என்று நாம் சொல்லும் அறுவடை இயந்திரம் நெல்லைத் தன் தொட்டியில் சேர்த்துக்கொண்டு, வைக்கோலை வரிசையாக வயலில் தள்ளிவிட்டுப் போகிறது. அதை அள்ளிக் கட்ட ஆள் வேண்டும். எங்கள் பக்கம் ஆட்களெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போய்விடுகிறார்கள். அள்ளாமல் விட்டால் ஒரு மழையில் வைக்கோல் அழுகிப் போகும்.

ஆனால் மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோல் தங்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். பால்கோவாவுக்குப் பால் வேண்டும், பாலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும்! ஆகவே வைக்கோலைக் கட்டித் தரும் மெஷினுக்கு வேலை இருக்கிறது என்று மாமா நினைத்ததில் தவறே இல்லை.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

உருளைக் கட்டுப் போடும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபென் என்பவர் 1910ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த ரோட்டோ பேலரை அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971ல் அயோவா மாநிலத்தின் பெல்லா நகரில் கேரி வெர்மீர் ஆளுயரக் கட்டுப் போடும் பெரிய பேலரைச் செய்தார். அந்தப் பெரிய கட்டுகள் நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும். தூக்குவதற்கே இன்னொரு டிராக்டர் வேண்டும். நம் ஊருக்கு வருவது அதன் தம்பி. ஏறக்குறைய 50 முதல் 60 செ.மீ. விட்டமும், 70 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை நீளமும் கொண்ட சின்னக் கட்டுப் போடுவது. ஒரே ஆள் தூக்கித் தோளில் வைக்கலாம்.

டிராக்டரின் பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் பேலருக்குச் சக்தி வருகிறது. இடையில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் வைத்த நீளமான ஷாஃப்ட். முன்னால் இருக்கும் பிக்-அப் என்ற பகுதியில் சீப்புப் பல் போன்ற கம்பிகள் சுழன்று வைக்கோலை வாரி எடுக்கும். உள்ளே வட்டமாக அமைந்த ரோலர்கள் எல்லாம் ஒரே திசையில் சுழலும். வைக்கோல் அதற்குள் பாய் சுருட்டுவது போலச் சுருண்டு, அறை நிறைந்ததும் இறுகும். அப்போது ஓட்டுநர் வண்டியை நிறுத்தவேண்டும். சணல் சுற்றியபின் ஹைட்ராலிக் மூலம் பின்கதவு திறந்து கட்டு வெளியே உருளும்.

அறையின் அளவு மாறாத இந்த வகையில் கட்டின் நடுப்பகுதி கொஞ்சம் தளர்வாகவும் வெளிப்பகுதி இறுக்கமாகவும் இருக்கும். பெல்ட் வைத்து, கட்டு வளர வளர அறையும் விரியும் வகை வேறு உண்டு. அதில் நடுவிலிருந்தே இறுக்கம் வரும். சதுரக் கட்டு போடும் பேலர் மூன்றாவது வகை. பிஸ்டன் இடித்து அழுத்தும், முடிச்சுப் போடும் கருவி தானாகக் கட்டும், நிறுத்தாமல் ஓட்டலாம், லாரியில் சந்தில்லாமல் அடுக்கலாம். ஆனால் விலை அதிகம், முடிச்சுக் கருவி நுணுக்கமானது, டிராக்டரும் பெரியதாக வேண்டும்.

எஞ்சின் சக்தியில் சுமார் 85 சதவீதம்தான் பி.டி.ஓ.வில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், மாமாவின் 35 ஹெச்.பி. வண்டியில் அங்கே 30தான் தேறும். ஆகவே சதுரப் பேலர் முதல் சுற்றிலேயே வெளியே போயிற்று. சின்ன உருளைப் பேலர்தான் நமக்கு.

நான் செய்த தப்பு

நான் நாலைந்து கம்பெனிகளின் விளம்பரத் தாள்களை வாங்கி வந்து பரப்பிப் படித்தேன். "மணிக்கு 100 கட்டு" என்று போட்டிருந்த மெஷினைத் தேர்வு செய்து, பெருமையோடு மாமாவிடம் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருமகனே, இது எங்க வயலுக்குள்ள திரும்புமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், வாடகை மெஷின் ஓடுகிற வயலில் கடிகாரத்தோடு நின்றேன். கட்டு நிறைய 40 வினாடி, நின்று சணல் சுற்றி வெளியே தள்ள 20 வினாடி. ஆக ஒரு கட்டுக்கு ஒரு நிமிடம், மணிக்கு 60. ஆனால் வரப்பு ஓரம் திரும்பவேண்டும், சணல் அறுந்தால் கோர்க்கவேண்டும், அடைத்தால் இறங்கி எடுக்கவேண்டும், டீயும் குடிக்கவேண்டும். முழு மணி நேரத்தில் வந்தது 40 கட்டுதான். 40ஐ 60ஆல் வகுத்தால் 67 சதவீதம். இதற்குத்தான் வயல் செயல்திறன் என்று பெயர். விளம்பரத்தில் வருவது வயலில் வராது என்பது முதல் பாடம்.

மூன்று வயல்களில் கட்டுகளை எண்ணினேன். ஏக்கருக்கு 28, 34, 29 என்று வந்தது. சராசரியாக 30 என்று வைத்துக்கொண்டேன்.

கணக்கு

காலண்டருக்குப் பேர்போன ஊர் நம் சிவகாசி. வீட்டில் கிழித்துப்போட்ட தேதித் தாள்களின் பின்பக்கம்தான் இந்தக் கணக்கை எல்லாம் போட்டேன். விலை, கூலி எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்.

புது மெஷின் விலை 4,00,000 ரூபாய், ஆயுள் 8 வருஷம், கடைசியில் 40,000க்கு விற்கலாம் என்று கொள்வோம்.

தேய்மானம்: 3,60,000 ÷ 8 = வருஷத்துக்கு 45,000.
வட்டி: சராசரி முதல் 2,20,000க்கு 12 சதவீதம் = 26,400.
பழுது, கொட்டகை, காப்பீடு: விலையில் 5 சதவீதம் = 20,000.
மொத்தம் 91,400 ரூபாய்.

மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நிலையான செலவு. ஒரு கட்டுக்குக் கூலி 40 ரூபாய். டீசல், சணல், ஓட்டுநர் சம்பளம் 18 ரூபாய். கட்டுக்கு மிஞ்சுவது 22 ரூபாய். 91,400ஐ 22ஆல் வகுத்தால் 4,155 கட்டு. ஏக்கருக்கு 30 கட்டு வீதம் 139 ஏக்கர். அதற்குக் குறைந்தால் நஷ்டம்!

"மாமா, உறுதியா எத்தனை ஏக்கர் கிடைக்கும்?" என்று கேட்டேன். கண்மாய்ப் பாசனத்தில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி விரல் விட்டு எண்ணினார். 90 ஏக்கர். அதற்கு மேல் "கிடைக்கும்"தான், உறுதி இல்லை.

இன்னொன்றும் புரிந்தது. 90 ஏக்கருக்கு 2,700 கட்டு. மணிக்கு 40 வீதம் ஏழு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 280. பத்தே நாளில் வேலை முடிந்துவிடும். அப்படியானால் மணிக்கு 100 கட்டு போடும் மெஷினை நான் எதற்குத் தேடினேன்? நமக்குக் குறைவாக இருப்பது வேகம் அல்ல, ஏக்கர்! இதுதான் இரண்டாவது பாடம்.

சணலைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 60 செ.மீ. விட்டமுள்ள கட்டின் சுற்றளவு 1.88 மீட்டர். பத்துச் சுற்று என்றால் ஏறக்குறைய 19 மீட்டர். 2,700 கட்டுக்கு 51 கிலோமீட்டர். கிட்டத்தட்ட விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்! விலை மலிவு என்று பிளாஸ்டிக் கயிறு போட்டால், அது மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் செரிக்காமல் கிடக்கும். சணலே நல்லது.

செகண்ட்ஹேண்ட் மெஷின்

மாமா மனதில் இருந்தது ஒரு பழைய மெஷின். ஒன்றரை லட்சத்துக்கு ஒருவர் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் கூட வர, மூவரும் போய்ப் பார்த்தோம்.

கையால் ரோலரைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பேரிங்கில் கரகரவென்று சத்தம். செயின் தளர்ந்து தொங்கியது. பிக்-அப்பில் ஏழு கம்பிப் பற்கள் இல்லை. ரோலர் முனையில் சுற்றிக்கொண்ட வைக்கோல் கருகியிருந்தது. சிவகாசிப் பிள்ளைக்கு உராய்வைப் பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. பேரிங் சூடாகி, சுற்றிலும் காய்ந்த வைக்கோலும் தூசியும் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட, பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மேல் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் கவர் இல்லை. விற்பவர், "அது இருந்தா தொந்தரவு தம்பி, கழட்டிப் போட்டாச்சு. இத்தனை வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகல" என்றார்.

வீட்டுக்கு வந்து இன்னொரு காலண்டர் தாளில் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. ஷாஃப்ட் 7 செ.மீ. கனம் என்றால் சுற்றளவு 22 செ.மீ. ஆக வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டியின் நீளமே அவ்வளவுதான் நண்பர்களே! "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் வேட்டி முழுவதும் ஷாஃப்ட்டில் இருக்கும். வேட்டிக்குள் இருக்கும் ஆள்? மாமா வயலில் வேட்டியைத்தான் மடித்துக் கட்டுவார்.

இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலங்கிற பேச்சை நான் ஆபீஸ்ல நிறையக் கேட்டிருக்கேன்ணே" என்று மட்டும் சொன்னார். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதற்கு மேல் மாமா ஒன்றும் பேசவில்லை.

பணக் கணக்கும் அதையேதான் சொன்னது. ஒன்றரை லட்சம் விலை, இன்னும் 4 வருஷம் ஓடி 20,000க்குப் போகும் என்றால் தேய்மானம் 32,500. வட்டி 10,200. இப்படிப்பட்ட மெஷினுக்குப் பழுதுச் செலவு வருஷத்துக்கு 40,000 என்றாலும் ஆச்சரியமில்லை. மொத்தம் 82,700. அதை 22ஆல் வகுத்தால் 3,759 கட்டு, அதாவது 126 ஏக்கர். பாதி விலைக்கும் குறைவு, ஆனால் புதுசுக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 13 ஏக்கர்தான்!

மானியம்

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் தரப்படுகிறது. பொதுவாக சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. விதிகள் மாறக்கூடும் என்பதால் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. மானியம் புது மெஷினுக்குத்தான், பழையதற்குக் கிடையாது.

பாதி மானியம் கிடைத்தால் தேய்மானம் 20,000, வட்டி 14,400, பழுது அதே 20,000. மொத்தம் 54,400. 2,473 கட்டு. 83 ஏக்கர்! மாமாவின் 90 ஏக்கர் முதன்முறையாக மேலே வந்தது. அந்தத் தாளை மாமா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

நம் வீடுகளில் யாராவது பேலர் வாங்கப் போனால் இவற்றை மறக்காதீர்கள்.

1. உறுதியான ஏக்கர் எத்தனை? முதலில் இது, பிறகுதான் மெஷின்.

2. டிராக்டரின் பி.டி.ஓ. சக்தி போதுமா? வண்டியும் பேலரும் சேர்ந்த நீளம் உங்கள் வயலில் திரும்புமா?

3. பிக்-அப் அகலமும் அறுவடை வண்டி விடும் வைக்கோல் வரிசையின் அகலமும் ஒத்துப்போகுமா? பிக்-அப் சிறிதானால் இரு பக்கமும் வைக்கோல் மிஞ்சும்.

4. பேரிங், செயின், ஷியர் போல்ட் ஆகியவை பக்கத்து டவுன் கடையில் கிடைக்கும் சாதாரண அளவுகளா? சிவகாசி பிரஸ்காரர்கள் ஆஃப்செட் மெஷின் வாங்கும்போது முதலில் உதிரி பாகத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். மெஷின் சீசனில் மூன்று நாள் நின்றால் பத்து நாள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

5. அரசுப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? மத்தியப்பிரதேசம் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தப்பூர் அருகே கார்லதின்னேயிலும் பண்ணை இயந்திரங்களைப் பரிசோதிக்கும் மத்திய அரசு நிலையங்கள் உள்ளன. விளம்பரத் தாளை விட அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

6. ஷாஃப்ட் கவர் இருக்கிறதா? இல்லையென்றால் பேரமே வேண்டாம். அடைப்பு எடுக்க இறங்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். வண்டியில் ஒரு தீயணைப்பான் வேண்டும்.

7. வைக்கோல் காய்ந்திருக்கிறதா? ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நம் லேப் அடுப்பிலேயே பார்க்கலாம். 100 கிராம் வைக்கோலை 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடுத்து நிறுத்தால் 84 கிராம் இருந்தால் ஈரம் 16 சதவீதம். பனி விலகிய பிறகே கட்டத் தொடங்கவேண்டும்.

முடிவுரை

மாமா அந்தப் பழைய மெஷினை வாங்கவில்லை. மானியத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். மனு வரிசையில் இருக்கிறது. வரும் அறுவடைக்கு வாடகை மெஷினையே அழைத்து, 90 ஏக்கரும் உண்மையிலேயே வருகிறதா என்று நோட்டுப் போட்டு எழுதிப் பார்க்கப் போகிறார். வந்தால் வாங்குவது, வராவிட்டால் வாடகையே போதும் என்று முடிவு. அம்மாவின் சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். மாமாவின் ரோட்டாவேட்டர் ஷாஃப்ட்டிலும் கவர் இல்லை என்பதை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை. எத்தனையோ தடவை அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன்! போன மாதம் மாமாவே டவுனுக்குப் போய் ஒரு கவர் வாங்கி வந்து, "இந்தா மருமகனே, படிச்சவன் நீயே மாட்டு" என்றார். நான்தான் மாட்டினேன். சங்கிலியைக் கொக்கியில் இழுத்துப் பூட்டி, ஷாஃப்ட் சுற்றும்போது கவர் சுற்றாமல் நிற்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நண்பர்களே, நாம் பரீட்சைக்காகப் படிக்கும் நிமிடச் சுற்று, செயல்திறன், தேய்மானம் எல்லாம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கேள்வியாக வந்து உட்காரும். அப்போது விளம்பரத் தாளை நீட்டாமல், வயலுக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்.